ஒரு நாள் மீன்

அவளுடைய மடிக்கணினி என்னுடையதைவிடப் பழையது. ஆனாலும் வேலையை முதலில் முடிப்பவள் அவள்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கிளிநொச்சியில் மீன் கொள்வனவு செய்யும் நிறுவனம் ஒன்றில் நாங்கள் இருவரும் அறிக்கை தயாரிப்பவர்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒவ்வொரு படகும் இறக்கும் மீனின் நிறை எங்களிடம் வந்து சேரும். பல வருடத்துக் குவியல். நான் அத்தனையையும் என் கணினியில் இறக்கிவிட்டு, அது திணறுவதைப் பார்த்தபடி தேநீர் குடிப்பேன். அவள் ஒரு திகதியைக் கொடுத்து, அந்த ஒரே நாளின் மீனை மட்டும் எடுத்து அறிக்கையை அமைப்பாள். முடிந்ததும் இணையத்தில் ஏற்றி, அந்தத் திகதிக் கட்டுப்பாட்டை அங்கே நீக்கிவிடுவாள். முழுத் தரவும் அங்கேயே வந்து நிரம்பும். கரையில் பிறந்தவள், என்னைவிடச் சின்னவள், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடுத்த கூட்டத்தில் யாருடைய அறிக்கை நன்றாக இருக்கிறதோ அவருக்கே பிரிவின் பொறுப்பு என்றார் முதலாளி. நானும் அவளுடைய வழிக்கே மாறினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். ராசியாக இருக்கட்டும் என்று மகளின் போன பிறந்தநாளைத் திகதியாகக் கொடுத்தேன்.

அறிக்கை வெறுமையாக வந்தது. சூத்திரங்களை அழித்து அழித்து எழுதினேன். கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரமும் எல்லாக் கட்டமும் வெள்ளைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“அக்கா, அண்டைக்கு ஞாயிறு. ஞாயிறு எங்கட சனம் தொழிலுக்குப் போறேல்லை, சேர்ச்சுக்குப் பூசைக்கெல்லோ போகும்.”

திகதியைத் திங்களாக மாற்றினாள். கட்டமெல்லாம் மீன் நிறைந்தது. அவள் சிரிக்கவாவது செய்திருக்கலாம்.

“ஏத்தின பிறகு அங்க திகதியை எடுத்துவிட மறந்திடாதேங்கோ அக்கா,” என்றுவிட்டு எழுந்து போனாள்.

கூட்டத்தில் முதலாளிக்கு என்னுடையதே பிடித்தது. பொறுப்பும் எனக்கே வந்தது.

“நல்லாச் செய்திருக்கிறீங்கள். அந்தப் பிள்ளைக்கும் இதை ஒருக்காப் பழக்கி விடுங்கோ,” என்றார்.

அவள் முந்திக்கொண்டாள்.

“ஓம் சேர், அக்காட்டைப் பழகிறன்.”

முகத்தில் ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அன்று முழுவதும் அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு முன்னரைவிட அதிகமாக எரிந்தது.