அம்மா ஊதிய திருநீறு

லேசர் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்கு ஆகாது. அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணைத் தாக்கியபோது, லேசர் வைத்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார்கள். நாங்கள் போனதே தாமதமாகத்தான். வைத்தும் பார்வை போய்விட்டது. அதன்பிறகு அவர் உயிரோடிருந்த நான்கு வருடமும் அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். குளியலறைக்கு, கோயிலுக்கு, சில நாள் சும்மா வாசல்வரைக்கும். மருத்துவர் எத்தனை தடவை விளக்கினாலும் சரி, லேசர் வைத்ததால்தான் கண் போயிற்று என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஆகவே, மூக்குக்கண்ணாடியை விட்டொழிக்க நான் லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்றதும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பிடிவாதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

எனக்குக் காரணம் இருந்தது. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தொட்டியிலிருந்து மாதிரி எடுக்க இரும்புப் படி ஏறவேண்டும். ஒரு மழைநாள் மதியம், மேலே நிற்கும்போது கண்ணாடி நழுவி, கம்பித் தட்டின் இடைவெளி வழியே கீழே விழுந்து நொறுங்கியது. அது இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் முகம்கூட எனக்குத் தெரியாது. கூட வேலை செய்யும் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள்.

"அலமாக், பாத்து லா. இன்னும் ஒரு படி. இன்னும் ஒண்ணு இருக்கு."

அவள் அக்கறையோடுதான் சொன்னாள். எனக்கோ அம்மா அப்பாவிடம் பேசும் குரல் கேட்டது. உடம்பு கூசியது. படி இறங்கி முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டேன்.

ஜொகூர் பாருவில் ஒரு கண் மருத்துவமனை. கண் ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்று அம்மா சபதம் போட்டிருந்ததால், தோழிதான் காரில் கூட்டிப் போனாள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார்கள். இமைகள் மூடாதபடி ஒரு கம்பியை மாட்டினார்கள். ஏதோ ஒன்று கண்ணை அழுத்தியது, எல்லாம் இருண்டது. அப்பா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தது இந்த இருட்டைத்தானா என்று நினைத்தேன். பிறகு ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. "ஜாங்ஙான் கெராக்", அசையாதே என்றார் மருத்துவர். நான் எங்கே அசைய? மூச்சே பாதிதான் வந்தது. முடி கருகுவது போல ஒரு வாடை அடித்தது. ஒரு கண்ணுக்குச் சில நிமிடம்தான். எழுந்து உட்கார்ந்தபோது, புகை மூட்டத்துக்கு நடுவே சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. வெட்கமில்லாமல் சிரித்தேன்.

கருப்புக் கண்ணாடியைக் கழற்றாதே, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தூசி படக்கூடாது, கசக்கவே கூடாது என்று தாதி இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றார். முகம் வெளுத்திருந்தது. "தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். ஜெயித்த திமிரில் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். "நீங்க கட்டியிருக்கிற கைலியில உள்ள பூவெல்லாம் தெரியுதும்மா" என்றேன்.

அம்மா உள்ளே ஓடினார். திருநீற்றோடு வந்தார். எங்கள் வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும், நோய் தீர்ந்து திரும்பினாலும், அம்மா நெற்றியில் திருநீறு பூசி, உதிரும் தூளை ஊதிவிடுவார். ஊதும்போது இடக்கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடிப்பது வழக்கம். அன்று பிடிக்கவில்லை.

கண் மரத்திருந்ததால், தூள் உள்ளே விழுந்தது முதலில் உறைக்கவில்லை. பிறகு வலது கண் நெருப்பாக எரிந்தது. கை தானாக மேலே போய்க் கசக்கிவிட்டது. பார்வை வெள்ளையாக மங்கியது. நான் கத்தினேன். அந்தக் கத்தலுக்கு நடுவேதான் அதைக் கேட்டேன்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் பண்ணீங்களா?"

தோழி காரைத் திருப்பினாள். அம்மாவும் ஏறிக்கொண்டார், அதே கைலியோடு, சபதத்தை மறந்து. மருத்துவமனைப் படியில் என் கையைப் பிடித்தார். உதறினேன்.

லேசருக்காகத் திறந்து மூடிய மெல்லிய படலம் நகர்ந்திருந்தது. அதைத் தூக்கிக் கழுவித் திரும்ப ஒட்டவைத்தார்கள். பார்வை தெளியலாம், கொஞ்சம் மங்கலாகவே நின்றுவிடவும் செய்யலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர்.

பொறுத்திருப்பது எனக்கு வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து விடவேண்டும். அம்மா அறை வாசலில் நின்று "மருந்து" என்பார். உள்ளே வரமாட்டார். குப்பியைத் தொடவும் மாட்டார். கூடத்தில் மாட்டியிருந்த நாட்காட்டியை இடக்கண்ணை மூடிக்கொண்டு தினமும் பார்ப்பேன். தேதி வெறும் கறுப்புத் தீற்றலாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றியது நான்தான், கசக்கியதும் நான்தான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் தேதி தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த நட்சத்திரமும் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

வேலைக்குத் திரும்பிய காலை, காலணி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். அம்மா சாமி மேடைமுன் திருநீறு எடுத்தார். என்னைப் பார்த்தார். தன் நெற்றியில் பூசிக்கொண்டு கையைத் தட்டிவிட்டார்.

"எனக்கும் போடுங்கம்மா."

வந்தார். இடக்கையால் என் இரு கண்களையும் முழுசாகப் பொத்தினார். பூசினார், ஊதவில்லை. கையை எடுக்காமலே பேசினார்.

"உங்கப்பாவுக்கு ஒரு நாளும் அப்படிப் பண்ணல. அப்ப எனக்கு ஒரே பயம். பாத்துப் பாத்துதான் செஞ்சேன். நீ கண்ணாடி இல்லாம நின்னதப் பாத்ததும் சந்தோஷத்துல மறந்துட்டேன்."

அந்தக் கைக்குள் என் கண்கள் நிறைந்து வழிந்தன.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"அழுவாத. கண்ணக் கசக்கிடாத" என்று கையை எடுத்தார்.

எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் வாசல் கேட்டுவரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.