ஆளுக்கு ஆறு மரம்

பழனியப்பனுக்குக் குழப்பம் கூடவே பிறந்தது. கப்பலேறும்போது ரயில்பாதை வேலை என்றார்கள். வந்து இறங்கியதும் மண்வெட்டியைக் கொடுத்து மரக்கன்று நடச் சொன்னார்கள். அதுவும் ரப்பர் இல்லை, தைல மரம். பாலும் வராது, பழமும் வராது, பிறகு எதற்கு என்று கேட்டான். எரிக்க என்றார்கள். எரிப்பதற்காக ஒரு மரத்தை வளர்ப்பார்களா என்று மனைவி சீதாலெட்சுமியிடம் பல நாள் புலம்பியிருக்கிறான்.

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் யோசனை அது. பக்கத்துக் காட்டையெல்லாம் சூளை தின்று தீர்த்துவிட்டது, இனி விறகையே பயிர் செய்யலாம் என்று கிள்ளான் சாலையோரம் நிலம் வாங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து விதை வந்தது. ஆனால் கிள்ளானின் ஈரமண் அந்த மரங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி செத்தன, மீதியில் பெரும்பாலானவை கோணிக்கொண்டு வளர்ந்தன. ஏழு வருஷம் பழனியப்பன் அளவு நாடாவை ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பிடித்து அளவு சொல்ல, தோட்டத்துக் கணக்கெழுதும் கனகலிங்கம் கிராணி எழுதிக்கொண்டார். கடைசியில் இருபத்து நாலு மரங்கள் மட்டும் நேராக, பருத்துத் தேறின. துரை அவற்றுக்குச் சிவப்புக் கோடு போட்டார். எதற்கென்று பழனியப்பனிடம் யாரும் சொல்லவில்லை.

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன்தான், பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் பழனியப்பனுக்குப் பாதி புரியாது. திரும்பக் கேட்க வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவைப்பான். 1913இல் ஒரு காலை கிராணி சைக்கிளில் வந்து சொன்னார்:

"வளைஞ்ச மரங்களை இண்டைக்கு வெட்டுங்கோ. சிவப்புக் கோடு போட்டதுகளை ஆறுதலா வெட்டலாம்."

பழனியப்பன் தலையை ஆட்டினான். சைக்கிள் மறைந்ததும் கூட வேலை செய்த மூன்று பேரும், "என்னண்ணே சொன்னாரு?" என்றார்கள்.

"ஆறு தலாவாம். தலா ஆறுன்னு சொல்ல வரல அவருக்கு. ஆளுக்கு ஆறு மரம்."

நாலு பேர், ஆளுக்கு ஆறு. சிவப்புக் கோட்டை எண்ணினார்கள். சரியாக இருபத்து நாலு! இத்தனை பொருத்தமாகக் கணக்கு வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? சாயங்காலத்துக்குள் எல்லாம் சாய்ந்துவிட்டன.

மறுநாள் துரை வந்து வெட்டிய கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த மரங்களில் காய் முற்றியதும் விதை எடுத்து, அடுத்த தோட்டம் முழுக்க அதே ஜாதியை நடுவதாக இருந்தாராம். பழனியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியல்லவா இருக்கிறான்! கிராணியோ, தான் தெளிவாகத்தான் சொன்னேன் என்று சாதித்தார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யும்படி பழனியப்பனுக்கு உத்தரவாயிற்று. சீதாலெட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். சொன்னதைச் செய்ததற்கு ஏன் இந்தத் தண்டனை என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. அழுகைதான் வந்தது.

கடைசி நாளில் தோட்டத்தை ஒரு தடவை பார்க்கப் போனான். வெட்டிய கட்டைகளிலெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர். ஓடிப்போய்க் கிராணியைக் கூட்டிவந்தான். அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அதே மரந்தான் திரும்பி வருது. கட்டைக்கு ஒண்டை விட்டிட்டு மற்றதுகளை ஆறுதலாக் கழிக்கலாம்."

பழனியப்பன் இரண்டடி பின்வாங்கினான். "ஐயா, மறுபடியும் ஆறு தலாவா? இப்ப நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"என்ன ஆறு?"

"அன்னிக்கும் அதானே சொன்னீங்க! நாங்க நாலு பேரு, ஆளுக்கு ஆறு வெட்டினோம்."

கிராணி அப்படியே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெதுவாக, பிறகு என்று அர்த்தம்.

"பிழை என்னிலதான். வாரும், துரையிட்டப் போவம்" என்றார்.

உள்ளே கிராணி இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். துரை போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. வெளியே வந்தவரின் முகம் சிவந்திருந்தது.

"நீர் போகத் தேவையில்லை. அந்தத் துளிரெல்லாம் இனி உம்மட பொறுப்பு."

"துரைகிட்ட என்னங்க ஐயா சொன்னீங்க?"

"பிறகு சொல்லுறன். இப்ப வீட்டை போய் ஆறுதலா இரும்."

ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பழனியப்பன் தலையை ஆட்டாமல் நின்றான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேருதானே? மிச்சம் நாலு பேரு யாருங்க?"