எறும்புக்காரியின் லீவு

எறும்புக்காரி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். அவளுடைய அண்ணி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தைக்கு இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. எனக்குக் கடை, இவருக்கு பஸ். எங்க எறும்புக்காரிதான் வந்து பாத்துக்கப்போறா. ஒரு வருஷம் லீவு போட்டுட்டா!"

ஒரு வருஷம் லீவு கொடுக்கிற உத்தியோகம் எது என்று கேட்டால், உத்தியோகமே இல்லை, படிப்பு. எம்.எஸ்சி.க்கும் மேலே, ஆராய்ச்சி. அதுவும் எறும்பைப் பற்றி. "அதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு? மிதிச்சா கடிக்கும், அவ்வளவுதானே" என்பான் பஸ் ஓட்டுகிற அண்ணன்.

இடுப்பு முறிந்தவள் அவளைப் பெற்ற அம்மா. ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட, கரண்டியைப் பிடித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். ஈரத்தரையில் பார்த்து நடங்கள் என்று ஊரையே அதட்டுகிறவள், அதே தரையில் வழுக்கி விழுந்தாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவளை வாட்டியது வலியல்ல. ஒரு வருஷம் விட்ட படிப்பை மகள் மறுபடி தொடுவாளா என்ற பயம். பயப்படக் காரணமும் இருந்தது. அந்த வம்சத்தில் விட்டதைத் திரும்பத் தொட்டவர்கள் கிடையாது. அம்மாவின் சின்ன மாமா தையல் கற்றுக்கொள்ளும்போது ஜுரத்தில் படுத்தார். ஜுரம் போயிற்று, தையலும் அதோடு போயிற்று. சித்தி ஒருத்தி பாதி ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கல்யாணமாகிப் போனாள். அது எந்தக் குழந்தைக்காகப் பின்னப்பட்டதோ, அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

மகள் வந்து இறங்கியபோது ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஒரு பெட்டி. கண்ணாடி மூடி, அதன்மேல் வெளிச்சத்தை மறைக்கச் சிவப்புத் தாள். உள்ளே எறும்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அடையாளத்துக்குப் புள்ளி புள்ளியாகப் பெயின்ட்.

"வீட்டுல இருக்கற எறும்பு போதாதுன்னு வெளியூர்லேர்ந்து வேறயா?" என்றாள் அண்ணி, கையில் எறும்பு மருந்து டப்பாவோடு.

"அண்ணி, அந்த டப்பாவை மட்டும் இந்த ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க. லேப்ல பாத்துக்க ஆள் இல்ல. இந்தக் கூடு உயிரோட திரும்பினா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம்னு ஆராய்ச்சிக் கைடு சொல்லிட்டாங்க. செத்துப்போச்சுன்னா எல்லாம் முதல்லேர்ந்துதான்."

"உன் தலையைச் சீவ உனக்கு நேரமில்ல. எறும்புக்குப் பெயின்ட் அடிச்சு அலங்காரம்!" என்று அம்மா கட்டிலிலிருந்து சிரித்தாள். ஆனால் மகள் சொன்னது ஆணியடித்த மாதிரி மனதில் பதிந்தது. கூடு பிழைத்தால் படிப்பு பிழைக்கும்.

பணிவிடையில் மகள் குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினாள், வாக்கரைப் பிடித்து நடக்கவைத்தாள். எறும்புப் பெட்டியிடம் மட்டும் வேண்டாத விருந்தாளியிடம் நடப்பதுபோல நடந்தாள். ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், கடுகளவு முட்டைக் கரு. ஓரத்து ஓட்டை வழியே வைப்பதோடு சரி, தாளை விலக்கிக் கூட்டைப் பார்ப்பதில்லை.

"படிப்பு என்னம்மா ஆகும்?"

"பாக்கலாம்மா."

கேன்டீன் முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அம்மா. பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று அவளுக்கா தெரியாது?

நடக்கத் தொடங்கியதும் அவள் முதலில் போன இடம் அந்தப் பெட்டிதான். சிவப்புத் தாளை விலக்கிப் பார்த்தாள். இத்தனை பேருக்கு இந்தக் கடுகளவா? ஆலை முழுக்க வயிறார வடித்துக் கொட்டிய கை அவளுடையது. பந்தியில் யாராவது அரை வயிற்றோடு எழுந்தால் அன்று தூக்கம் வராது. மகள் மருந்துக்கடைக்குப் போன நேரம், தன் தட்டிலிருந்த முட்டைக் கருவை உதிர்த்து உள்ளே போட்டாள். எறும்புகள் மொய்த்ததும் பெற்ற பிள்ளை சாப்பிட்டதுபோல் நெஞ்சு குளிர்ந்தது. மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும்.

"நான் வைக்கறதை இதுங்க தொடவே மாட்டேங்குதேம்மா."

"அதுங்களுக்கும் மனசு சரியில்லையோ என்னவோ" என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மகள் தாளை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூட்டின் மூலையெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பூஞ்சை. அதனடியில் மக்கிப்போன முட்டைக் கரு.

"யாரு போட்டது? அம்மா! நீங்களா? ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? நாலு வருஷ உழைப்பும்மா! இது என்ன உங்க கேன்டீனா, வந்தவனுக்கெல்லாம் அள்ளிக் கொட்ட?"

பிறந்ததிலிருந்து அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத பெண். முகம் சிவக்கக் கத்தினாள். தப்புச் செய்துவிட்டோமே என்று அம்மாவுக்கு உறைத்தது. அதற்குள்ளேயே இன்னொன்றும் தோன்றியது. வேண்டாம் என்று விட்டவளுக்கு இத்தனை ஆத்திரம் வராதே!

"நல்லாத் திட்டு. திட்டிக்கிட்டே அதுங்களைக் காப்பாத்த வழியைப் பாரு" என்றாள்.

மகள் ஓடிப்போய், மாற்றுக்கென்று துணிப்பையில் வைத்திருந்த காலிப் பெட்டியை எடுத்து ஈரப்படுத்தி, இருட்டாக மூடினாள். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு குழாய். பழைய பெட்டியின் சிவப்புத் தாளை எடுத்துவிட்டு, அதன்மேல் விளக்கைத் திருப்பினாள்.

"கையால எடுத்துப் போட்டா என்ன?"

"நசுங்கிடும்மா. வெளிச்சம் பிடிக்காம அதுங்களாத்தான் போகணும்."

காத்திருந்தார்கள். கடை முடித்து வந்த அண்ணி கைப்பையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு முதுகில் மஞ்சள் புள்ளி வைத்த ஒன்று குழாய்க்குள் நுழைந்தது, போனது, திரும்பி வந்தது. அடுத்த முறை போகும்போது வாயில் ஒரு குஞ்சு.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போகுது அத்தை!" அண்ணி கத்திவிட்டாள்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பூஞ்சையில் மாட்டிச் செத்தவையும் உண்டு. விளக்கேற்றும் வேளை தாண்டி, தடித்த ராணி மெள்ள ஊர்ந்து குழாயில் இறங்கியபோது, மகள் அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையில் பிடித்ததுபோல.

"ராணி போயிட்டாம்மா. இனி பிழைச்சுக்கும்."

"நீ?"

"நானும் போவேன். உங்களைத் திட்டினதுக்கு அப்புறம்தான் இது எனக்கு எவ்வளவு வேணும்னு எனக்கே தெரிஞ்சது."

"அப்போ தினமும் கொஞ்சம் முட்டை போடட்டுமா?" என்று கேட்டு அம்மா ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டாள்.

லீவு முடிந்ததும், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே அவள் கிளம்பினாள். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் அண்ணன் வண்டியை ஊர்ந்து போகவிட்டான், பயணிகள் திட்டினார்கள்.

இப்போது அம்மா கேன்டீனில் உட்கார்ந்தபடியே காய் நறுக்குகிறாள். எறும்புக்காரி லேப்பில் இருக்கிறாள். ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள்.