தறிக்குழிக்குள் என் மகள்

உறையூருக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கு விளங்காத ஒன்று: ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் இங்கே ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து என்னைப் போல ரங்கூனை விட்டு ஓடி வந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சத்தத்துக்கு நம் கால்கள் தாமாகவே பதுங்கு குழியைத் தேடும். என் மகள் செல்லமும் தேடினாள். அவள் கண்ணில் பட்டது என் கணவரின் அக்காளான அண்ணியின் வீட்டுத் தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் தோண்டியது அது. ஏழு வயதுப் பெண் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யார் நெய்வது? ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய புடவைகள் பாக்கி இருந்தன. மூன்றாம் நாள் அண்ணியின் கணவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். இந்த வீட்டையும் இழந்துவிடுவோமோ என்று பயந்தேன்.

ரங்கூன் துறைமுகத்தில் பெண்களையும் குழந்தைகளையும் மட்டும்தான் கப்பலில் ஏற்றினார்கள். "அக்கா வீட்டுக்குப் போயிடு. நான் நடந்தாவது வந்துடுறேன்" என்றார் என் கணவர். கப்பல் நகர்ந்த கொஞ்ச நேரத்தில், அவர் நின்ற இடத்தில் குண்டு விழுந்து புகை எழுந்தது. நானும் செல்லமும் பார்த்தோம். அன்றோடு அவள் பேச்சு நின்றது. அண்ணியிடம் நான் புகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பி நடந்து வருகிறான் என்று அவள் நாள்தோறும் வாசலைப் பார்த்தாள்.

செல்லத்தை இழுத்து வெளியே போடப் போன என்னை அண்ணிதான் தடுத்தாள். "இருக்கட்டும் விடு. பாவு பிணைக்கிற வேலை இருக்கு, அதுக்குக் குழி வேணாம்."

தறியில் நீளவாட்டில் கட்டிய பழைய பாவு நூல் தீரும்போது அதை அறுத்து எறிய மாட்டார்கள். அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். சத்தமே இல்லாத வேலை. அண்ணி ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பலை வைத்துக் குழிக்குள் நீட்டினாள். "அத்தைக்குக் கண்ணு தெரியல, நீ கொஞ்சம் முறுக்கிக் குடும்மா." முதல் நாள் செல்லம் தொடவில்லை. மறுநாள் அவள் முறுக்கிய இழைகள் பிரிந்தன. அண்ணி அவற்றைத் திரும்ப முறுக்கினாள். நான்காம் நாள் குழியிலிருந்து ஒரு குரல் எண்ணியது. "தித், நிட், தோங்..." ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பர்மியக் குழந்தைகளிடம் கற்ற எண்ணிக்கை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசி இழை சேர்ந்ததும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அபே பெதோ லாமலே?"

அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். இத்தனை நாள் அவள் பேசவில்லையே என்று பயந்தவள் நான்; இப்போது அவள் பேசியதற்குப் பயந்தேன்.

"என்ன கேக்குறா புள்ள?" என்றாள் அண்ணி.

"தறி எப்ப ஓடும்னு கேக்குறா, அண்ணி."

அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மருமக கேக்குறா, தறியில உக்காருங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். செல்லம் இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் காதோடு வாயை வைத்து, "பெதோ?" என்று மறுபடி கேட்டாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் வாசலைப் பார்க்கும் அண்ணி. அந்தப் புகையைச் சொல்ல எனக்குப் பர்மியமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அதற்குள் தறி ஓடத் தொடங்கிவிட்டது.