கிளாரியின் மழைக்கோட்டு

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான கோராக்கியில் காயமோ, கால் வலியோ, துணியில் வீச்சமோ, அடுப்படியில் எறும்போ, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் டீ ட்ரீ எண்ணெய்தான். சுற்றிலும் அந்த மரம். இலையைக் காய்ச்சி வடிப்பதுதான் பலருக்குப் பிழைப்பு. நம் ஊர்ச் சரக்கு நம்மை என்ன செய்துவிடும் என்கிற மிதப்பு எங்களுக்கு உண்டு. பக்கத்து வீட்டு வெர்னாவுக்கு அது ஒரு படி அதிகம்.

அவள் கணவன் கிளாரி வாழ்நாள் முழுக்க எண்ணெய் வடித்தவன். போன குளிர்காலத்தில் செத்துப்போனான். மகள் பெர்த்தில், நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிறாள். வீட்டில் வெர்னாவும் டாஃபி என்ற கிழட்டு நாயும்தான். பகலெல்லாம் அதனோடுதான் பேச்சு. நான் போய் ஏதாவது கேட்டாலும் நாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

வசந்தத்தில் டாஃபியின் பின்னங்கால்கள் தள்ளாடின. எங்கள் பக்கம் அந்தப் பருவத்தில் நாய் தள்ளாடினால் உண்ணி கடித்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கால் விழும், பிறகு மூச்சு நிற்கும். வெர்னா ரோமத்தைப் பிரித்துப் பிரித்துத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று எண்ணெயை எதிலும் கலக்காமல் கழுத்திலிருந்து வால்வரை தேய்த்துவிட்டாள். மறுநாள் காலை அது எழுந்திருக்கவில்லை. எச்சில் ஒழுக நடுங்கியது. இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம் என்று சீசாவும் கையுமாக உட்கார்ந்திருந்தவளைச் சத்தம் போட்டு, நாயோடு வண்டியில் ஏற்றினேன்.

நாய் டாக்டர் இளம் பெண். முகர்ந்ததுமே முகம் மாறியது. உண்ணியெல்லாம் இல்லை, எண்ணெய்தான் விஷம், தோல் வழியாகவே உள்ளே இறங்கிவிடும் என்றாள். பாத்திரம் கழுவும் சோப்பால் குளிப்பாட்டி மருந்து ஏற்றினார்கள். பிழைக்குமா என்றதற்கு, இன்று இரவு தாண்டட்டும் என்றாள். நேற்றுத்தானே தேய்த்தது, அதற்கு முன்பே ஏன் தள்ளாடியது என்பதுதான் டாக்டருக்குப் புரியவில்லை.

"எங்க படுக்கும்?"

வெர்னா தரையைப் பார்த்தாள். "கிளாரியோட மழைக்கோட்டு மேல."

"அதுல எண்ணெய் பட்டிருக்கா?"

"அவர் வாசனை போயிட்டே இருந்துச்சும்மா. அதான் அப்பப்ப கொஞ்சம் ஊத்துவேன்."



டாஃபி பிழைத்தது. எண்ணெய் பட்ட எதுவும் அது இருக்கும் வீட்டில் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வெர்னா கோட்டை ஊறவைத்து, அடித்து, அலசித் துவைத்தாள். கொடியில் காய்ந்ததை முகர்ந்துவிட்டு, "இப்ப இது யார் கோட்டா வேணா இருக்கலாம்" என்றாள்.

மிச்சம் இருந்த எண்ணெய் டின்னை என் கொட்டகையில் பூட்டிவைக்கச் சொன்னாள். மூடி சரியில்லை. தூக்கும்போது என் கையில் வழிந்துவிட்டது.

வெர்னா அந்தக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி நின்றாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிடித்துக்கொள்ளட்டும் என்று கையை இழுக்காமல் விட்டேன்.

உள்ளே டாஃபி குரைத்தது.

"ஓடி வந்து நக்கும், டெஸ்" என்று என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். தன் கையையும் என் கையையும் விரல் விரலாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு மறுபடி முகர்ந்து பார்த்தாள். வாசனை போயிருந்தது.