சஹருக்குப் பின் எடுத்த இரத்தம்

நான் கண்ணால் கண்டதையும் உரியவரிடம் நேரே கேட்டு உறுதிசெய்ததையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஆய்வுகூடத்து எண் ஒன்றையும் தரமாட்டேன். எங்களூரில் ஓர் எண் கல்முனைச் சந்தையில் புறப்பட்டு மருதமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு சுற்றுப் பெருத்துவிடுகிறது. பெருக்கியவர் யாரென்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். அவ்வாறு பெருத்த எண்களால் என் வீட்டில் ஒருத்தி பட்ட பாடு போதும்.

சென்ற நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசல் நலன்புரிக் குழு ஓர் இரத்தப் பரிசோதனை முகாமை நடத்தியது. குழுவின் செயலாளர் என் மனைவியின் தம்பி. நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு அவர் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னர் வெளியூர்த் தொண்டு நிறுவனமொன்றின் உதவியோடு இதே குழு நடத்திய முகாமின் சராசரிகளையும் இம்முறை கிடைத்தவற்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதி வைத்திருந்தார். கொழுப்பு ஏறியிருந்தது, விற்றமின் டி இறங்கியிருந்தது. ஊராரின் எழுத்தில் பிழை திருத்துகிறவன் நான் என்பதால், ஊரின் இரத்தம் கெட்டுவிட்டதென்று நல்ல தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரவேண்டுமாம்.

என் மனைவியும் அம்முகாமில் இரத்தம் கொடுத்தவள். முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குசினியில் தேங்காய்ப்பாலுக்கும் முட்டைக்கும் இடமில்லாமற் போயிற்று. இறைச்சியை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, சோற்றையும் பாதியாக்கிவிட்டாள். உடைகள் தளர்ந்தன. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதென்று கதிரையில் அமர்ந்து தொழத் தொடங்கினாள். அதைக் கண்ட பிறகு பிரசுரம் எழுத எனக்குக் கை வரவில்லை.

"ரத்தம் எப்ப எடுத்த?" என்று அவள் தம்பியிடம் கேட்டேன்.

"சுபஹு தொழுத கையோட துவங்கின. வெயில் ஏற முதல் முடிஞ்சிட்டு."

"அப்ப விடிய முதல் சஹருக்குச் சாப்பிட்ட சோறு எங்க போன?"

 அவர் எனக்கு விளக்கம் தரத் தொடங்கினார்.

"மச்சான், மத்த மாசத்தில வெச்சா தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்து வெறுவயிறு எண்டு பொய் செல்லுவாங்க. நோன்போட ஆரு பொய் செல்லுவான்?"

"பொய் செல்லல்ல தம்பி. சாப்பிட்டிரிக்காங்க."

"சஹர் சாப்பிடுறது நபிட வழி, சுன்னத்தெல்லவா?"

"சுன்னத்துத்தான். கொழுப்புக்கு அது தெரியுமா?"

இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தவர், சாப்பாட்டைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. பழைய முகாமுக்கு வந்தவர்கள் யார் என்றும் விசாரித்தேன். பெரும்பாலும் ஆண்கள், ஒலுவிற் பக்கம் கடலுக்குத் தோணியில் போகிறவர்கள், வயல் வெயிலில் நிற்கிறவர்கள். புதிய முகாமுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டோடு இருக்கும் பெண்கள். கணவன்மாரின் இரத்தத்தையும் மனைவிமாரின் இரத்தத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு காலம் மாறிவிட்டது என்கிறார்கள்.

கல்முனையில் ஒரு மருத்துவரை நேரே போய்க் கண்டேன். சாப்பாட்டினால் கொலஸ்ட்ரோல் அளவு பெரிதாக மாறாது, ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்புத்தான் ஏறித் தெரியும் என்றார். என் மனைவியின் தாளில் சிவப்பு வட்டம் விழுந்திருந்தது அதைச் சுற்றித்தான். விற்றமின் டி குறைவுக்கும் சஹருக்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார். பட்டினி கிடக்க வேண்டாம், உரிய முறையில் மீண்டும் சோதியுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன்.

"இஞ்ச பாருங்க, எழுத்தில பிழை பிடிக்கிறாப்போல ரத்தத்திலயும் பிழை பிடிக்கப் போறீங்களா?" என்றாள்.

"அண்டைக்கு சஹருக்கு என்ன சாப்பிட்ட?"

"சோறும் தயிரும் வாழைப்பழமும். நீங்கதானே இன்னும் ரெண்டு அகப்பை தயிர் போடச் சென்ன."

மறுசோதனைக்கு உடன்பட்டாள், ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்றாள். அதுவரையில் அரைவயிற்றுச் சோறும் கதிரையும் தொடர்ந்தன. கடைசியில் நான் எழுதிக் கொடுத்த பிரசுரத்தில் இரத்தம் எடுத்த நேரமும், வந்தவர்கள் யார் என்பதும், ஆகவே இவ்விரு முகாம்களையும் ஒப்பிடலாகாது என்பதும் இருந்தன. "நீளம் கூட மச்சான், ஆக்கள் வாசிக்கமாட்டாங்க" என்று தம்பி அவற்றையெல்லாம் வெட்டிவிட்டார். வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளி வாசலில் கொடுத்த தாளில், நமதூரின் இரத்தம் கெட்டுவிட்டது என்ற ஒரே வரி கொட்டை எழுத்தில் நின்றது. அதன் முடிவில் மூன்று வியப்புக்குறிகள். அவற்றுள் ஒன்றும் என்னுடையதன்று.

பெருநாள் முடிந்தது. முதல்நாள் இராச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரைத் தவிர ஒன்றும் உட்கொள்ளாமல், என் கண் முன்னாலேயே அவள் ஆய்வுகூடத்துக்கு வந்து இரத்தம் கொடுத்தாள். கொழுப்பு எல்லைக்குள் இருந்தது. விற்றமின் டி முன்போலவே குறைவு. இனியாவது ஒழுங்காகச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் தம்பி வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா மச்சான்? சாப்பாட்டக் கட்டுப்படுத்தினா எறங்குது. எங்கட ராத்தாட முடிவ அடுத்த பிரசுரத்தில போடுவம்."

"அப்ப இப்பிடியே சமைப்பம்" என்றாள் என் மனைவி.

நோன்பு மாதத்தில் அவளுடைய கொழுப்பு உண்மையிலேயே ஏறியிருந்ததா, தயிரும் சோறும் அப்படிக் காட்டினவா என்பது எனக்குத் தெரியாது. இடையிலே உணவைக் குறைத்துவிட்டதனால் அதை அறிய இனி வழியுமில்லை. ஊரின் இரத்தம் இத்தனை ஆண்டுகளில் மாறியதா என்பதும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய சோதனையை இங்கே எவரும் செய்யவில்லை. அவள் இன்றைக்கும் கதிரையில் அமர்ந்தே தொழுகிறாள். அதற்குக் காரணம் உணவுக் குறைவா, விற்றமின் குறைவா, வயதா என்பதும் தெரியாது.