உள்ளங்கைச் சீனி

வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்தில் யாரோ பாலில்லாத டீ போட்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தபோது, ஒரு பயண நிறுவனத்துக்காக இலங்கையை அறிமுகப்படுத்தும் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ‘மலைகளில் வெள்ளைக்காரர்கள் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினார்கள்’ என்ற வரி மேலாளர் கொடுத்தது.

அதே வரியை ஆறாம் வகுப்பில், லிங்கராஜபுரத்து வீட்டில், ‘ஒரு தீவு நாடு’ என்ற சார்ட்டில் எழுதியிருக்கிறேன். அம்மா அந்த மலையில் கொழுந்து பறித்தவள். நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று அந்த நாட்டு அரசால் கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். இங்கே வந்தும் பாலில்லாத தேத்தண்ணியில் சீனியைக் கலக்க மாட்டாள். உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பாள். பக்கத்து வீட்டார் சிரித்தால் இன்னும் சத்தமாக உறிஞ்சுவாள்.

என் சார்ட்டைப் படித்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எந்த வெள்ளக்காரன்டி கூடை தூக்குனான்? அட்டை கடிக்கக் கடிக்க எங்க தாத்தன் வெட்டுன காடு அது. அடிச்சுட்டு எழுது.”

அவள் சொன்னதையே எழுதினேன். ‘புத்தகத்தில் இல்லை’ என்று டீச்சர் சிவப்பு மையில் சைபர் போட்டார். அம்மா அந்த சார்ட்டை, சைபர் தெரிய, வாசல் கதவில் ஒட்டினாள். மழையில் நைந்து விழும்வரை எடுக்கவில்லை.

மேலாளர் என் திரையைப் பார்த்தார்.

“தமிழ்நாட்டுல இருந்து போனவங்க காடு வெட்டி உண்டாக்குன தோட்டம்னு மாத்தியிருக்கீங்க. கிளையன்ட் கேட்டா என்ன சொல்றது?”

“என்கிட்ட பேசச் சொல்லுங்க சார்.”

எழுந்து போய் எனக்கும் ஒரு டீ போட்டேன். சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, அவர் மேசைக்குக் கேட்கும்படி உறிஞ்சினேன்.